போச்சா அக்கா

அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று அவளுக்கு இருக்கத்தான் செய்கிறது. அடையாள அட்டையைத் தவிர வேறெங்கும் அது புழக்கத்தில் இல்லை. எல்லாருக்கும் அவள் போச்சா அக்கா. அவளைவிடப் பத்து வயது மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். கட்டிய கணவரே ஒருமுறை வாய் தவறி அப்படிக் கூப்பிட்டுவிட்டு இரண்டு நாள் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

பெயருக்குக் காரணம் அவளுடைய தொண்டை. மாடிப்படிக்கு அடியில், பழைய செருப்பும் உடைந்த நாற்காலியும் ஒட்டடையுமாகக் கிடக்கும் அரையிருட்டில், மீட்டர் பலகைக்கு முன்னால் நின்று ஒரு வீட்டின் ஃபியூஸைப் பிடுங்குவாள். பிடுங்கிவிட்டு அண்ணாந்து, "போச்சா?" என்று ஒரு குரல் விடுவாள். மூன்றாவது மாடியில் தூங்குகிற குழந்தைகூட எழுந்துகொள்ளும். மேலிருந்து "போச்சு!" என்று பதில் வரும். அந்த வீட்டுக்கு அந்த மீட்டர்தான் என்பது அதோடு முடிவு. மேலே ஏறிப் போய்ப் பார்ப்பதெல்லாம் கிடையாது. இருபத்தேழு வருடம் மின்சாரக் கம்பெனிக்கு மீட்டர் ரீடிங் எடுத்தவள். ஒரு நாளைக்கு நூற்று எண்பது மீட்டர். மாடி ஏறிக்கொண்டிருந்தால் நூற்று எண்பது எப்படி ஆகும்?

ஊரை அவளுக்கு அடிப்பக்கத்திலிருந்துதான் தெரியும். எந்தத் தெருவில் எந்த வீட்டு மாடிப்படிக்கு அடியில் நாய் கட்டியிருப்பார்கள், எங்கே தலை இடிக்கும், எங்கே குளவிக்கூடு, எல்லாம் அத்துப்படி. அந்த வீடுகளுக்குள் சோபா எந்தப் பக்கம் கிடக்கிறது என்று கேட்டால் தெரியாது.

பிறகு கம்பெனி, மீட்டரைப் படம் பிடித்து அனுப்புகிற வேலையை ஒரு ஒப்பந்தக்காரரிடம் கொடுத்துவிட்டு, இவளைப் போன்றவர்களுக்கு ஆளுக்கொரு சுவர்க்கடிகாரம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பியது. கடிகாரம் மூன்றாவது மாதமே நின்றுபோனது. அவள் நிற்கவில்லை. நேராகப் போய் எதிர்ப்பக்கத்தில் சேர்ந்துகொண்டாள்.

எதிர்ப்பக்கம் என்பது மின் பயனீட்டாளர் சங்கம். சங்கம் என்றதும் யாரும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். டயர் கடைக்கு மேலே ஓர் அறை. ரப்பர் நாற்றம். இரண்டு மேஜை, காகிதக் கட்டுகள், கதவைத் திறந்தால் எழுந்து பறக்கிற மனுக்கள். செயலாளர் ஓய்வு பெற்ற இயற்பியல் வாத்தியார். எதைக் கேட்டாலும் முதல் பாடத்திலிருந்து ஆரம்பிப்பார். வாதாட ஒரு வக்கீலம்மா; மதியம் வரை கோர்ட், மதியத்துக்கு மேல் சங்கம், இரண்டுக்கும் நடுவில் சாப்பிட மறந்துவிடுவார். மூன்றாவது ஆள் போச்சா அக்கா. அவ்வளவுதான் சங்கம். கரண்ட் பில் தாறுமாறாக வந்தவர்கள், காரணம் சொல்லாமல் இணைப்பு துண்டிக்கப்பட்டவர்கள், கம்பெனி வாசலில் நின்று நின்று கால் வீங்கியவர்கள் எல்லாரும் கடைசியில் இந்த ரப்பர் நாற்றத்துக்குத்தான் வந்து சேர்வார்கள்.

புகார் வந்தால் சங்கத்துக்கென்று ஒரு முறை உண்டு. அது அக்கா கொண்டுவந்தது. முதலில் ஃபியூஸைப் பிடுங்கி, 'போச்சா' கேட்டு, மீட்டர் யாருடையது என்று உறுதி செய்வது. பிறகு வீட்டில் எல்லாவற்றையும் அணைக்கச் சொல்லிவிட்டு, மடக்கு முக்காலியைப் போட்டுக்கொண்டு மீட்டரையே ஒரு மணி நேரம் பார்ப்பது. எல்லாம் அணைந்த பிறகும் மீட்டர் ஓடினால் ஏதோ கோளாறு. ஓடாவிட்டால், பில்லைப் பார்த்துப் பதறியவரிடம் பக்குவமாகப் பேசி அனுப்ப வேண்டியதுதான். ஐந்து வருடத்தில் நாற்பத்து மூன்று வாக்குமூலம் அப்படிக் கொடுத்திருக்கிறாள். 'நான் நேரில் பார்த்தேன்' என்று அவள் கையெழுத்துப் போட்டால் விசாரணை அதிகாரி மறு கேள்வி கேட்பதில்லை. சங்கத்துக்கு இருந்த ஒரே சொத்து அந்தக் கையெழுத்துதான்.

இப்படி இருந்தவளைத்தான் தையல்காரர் வீட்டு மீட்டர் பைத்தியமாக அடித்தது.

மூன்று மாடிக் கட்டடம். கீழே வண்டிகள் நிறுத்துவார்கள். மாடிக்கு இரண்டாக ஆறு வீடு. தையல்காரர் முதல் மாடியில் இரண்டாம் நம்பர். வீட்டிலேயே தைக்கிறார். ஒரு மோட்டார் வைத்த மிஷின், ஒரு இஸ்திரிப்பெட்டி, இரண்டு விசிறி. நாலு மாதமாக அவருக்கு வருகிற பில்லோ ஒரு சின்னத் தொழிற்சாலைக்கு வருகிற பில்.

"தையல் மிஷின் பாதி நாள் சும்மாதாங்க கிடக்கு," என்றார் அவர், சங்கத்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து. "சும்மா கிடக்கறதுக்கும் கரண்ட் சாப்பிடுமா?"

செயலாளர் முதல் பாடத்தை ஆரம்பிப்பதற்குள் அக்கா முக்காலியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அன்றைக்குத் தையல்காரர் துணி கொடுக்கப் போயிருந்தார். அவர் மனைவிதான் படியிறங்கி வந்தாள். "கரண்ட் போனா மேலேருந்து குரல் கொடுங்க," என்று அக்கா சொல்ல, அவள் தலையாட்டிவிட்டு மேலே போனாள். அக்கா இரண்டாம் நம்பர் மீட்டரின் ஃபியூஸைப் பிடுங்கினாள். "போச்சா?" மேலிருந்து உடனே ஒரு பெண் குரல், "போச்சு!" அக்கா ஃபியூஸைத் திரும்பச் சொருகினாள், நோட்டில் ஒரு டிக் போட்டாள், முதல் மாடி வரை ஏறி, "சரி, இப்ப எல்லாத்தையும் அணைங்க," என்றாள். தையல்காரர் மனைவி அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பார்த்துவிட்டு அணைத்தாள்.

அக்கா கீழே வந்து உட்கார்ந்தாள். மீட்டர் ஓடியது. மெதுவாக அல்ல. வீட்டில் விருந்தாளி வந்த மாதிரி ஓடியது.

மறுநாள் ஓர் எலெக்ட்ரீஷியனைக் கூட்டிக்கொண்டு போனாள். அவர் வீட்டு வயரிங் முழுவதையும் சோதித்துவிட்டு, கசிவு எங்கேயும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். மீட்டரில்தான் கோளாறு என்று சங்கம் மனு போட்டது. கம்பெனி அதே இடத்தில் சட்டென்று மாற்று மீட்டர் ஒன்றை மாட்டிவிட்டு, பழையதைச் சோதனைக்கூடத்துக்குக் கொண்டுபோய், சொக்கத் தங்கம் என்று சான்றிதழோடு திருப்பி மாட்டியது. அக்கா மறுபடி முக்காலி போட்டாள். ஓடியது. வேறு நேரத்தில் போய்ப் பார்த்தாள். ஓடியது. மீட்டர் சரி, வயரிங் சரி, வீட்டில் எல்லாம் அணைந்திருக்கிறது, ஆனால் கரண்ட் போகிறது. எங்கே போகிறது?

"ஆற்றலை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது," என்று ஆரம்பித்தார் செயலாளர்.

"அழிக்க வேண்டாம் சார். கண்ணுல காட்டினா போதும்," என்றாள் அக்கா.

அவளுக்கு மண்டை காய்ந்தது. சாப்பிடும்போது, தலை வாரும்போது, பஸ்ஸில் தொங்கும்போது, அந்த மீட்டரே கண்ணில் நின்றது. ஒருநாள் தன் வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு முக்காலியோடு உட்கார்ந்தாள். பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற கணவர் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"நம்ம மீட்டர் என்ன பாவம் பண்ணிச்சு?"

"சரியா நிக்குதான்னு பாக்கறேன்."

"நிக்குதா?"

"நிக்குது."

"அப்ப விசிறியப் போடு. நானும் நின்னுடப் போறேன், வேர்த்து."

அந்தக் கட்டடத்தில் சங்கத்துக்கு இன்னொரு வீடும் பழக்கம். மூன்றாவது மாடி, ஐந்தாம் நம்பர். வீட்டுக்காரர் வாழ்நாளெல்லாம் கப்பலுக்குப் பெயிண்ட் அடித்தவர். நுரையீரல் ஏறக்குறைய போய்விட்டது. பத்து மாதமாக ஆக்ஸிஜன் மிஷின் ராப்பகலாக ஓடுகிறது. அது நின்றால் பக்கத்தில் ஒரு சின்ன சிலிண்டர், அரைமணி நேரத்துக்கு வரும். மிஷினுக்காகக் கட்டணச் சலுகை கேட்டு அவருக்குச் சங்கம்தான் மனு எழுதியது. கம்பெனி வழக்கம்போல 'பரிசீலனையில் உள்ளது' என்றது. ஆனால் வேடிக்கை பாருங்கள், அவர் வீட்டு பில் ஏறவே இல்லை. ராப்பகலாக மிஷின் ஓடியும் பழைய பில்லே வந்தது.

"கடிதம் பின்னாடி வரும். சலுகை முன்னாடி வந்துடுச்சு," என்று செயலாளர் பூரித்துப்போய்ச் சங்கச் செய்திமடலின் முதல் பக்கத்தில் போட்டார். பெயிண்டரின் மனைவி அந்தப் பக்கத்தைச் சட்டம் போட்டு மிஷினுக்கு மேலேயே மாட்டிவிட்டாள். அதில் அக்காவின் படமும் உண்டு, முக்காலியோடு.

ஒரே கட்டடத்தில் ஒரு வீட்டுக்குக் காரணமே இல்லாமல் பில் ஏறுகிறது. இன்னொரு வீட்டுக்குக் காரணம் இருந்தும் ஏறவில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் சின்னப் பிள்ளைக்கும் பொறி தட்டியிருக்கும். ஆனால் சங்கத்தில் தீர்ந்த புகார்கள் ஒரு அலமாரி, தீராத புகார்கள் இன்னொரு அலமாரி. இரண்டு அலமாரியும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொள்வதில்லை.

விசாரணைக்கு நாள் குறித்தாயிற்று. அதற்கு இரண்டு நாள் முன்னதாகவே, கடைசி பில் பாக்கி என்று சொல்லி, தையல்காரர் இணைப்பைத் துண்டிக்கக் கம்பெனி ஆள் அனுப்பிவிட்டது. தடை உத்தரவு வாங்க வக்கீலம்மா ஓடினார். அதுவரை ஆளைப் பேச்சுக் கொடுத்து நிறுத்தி வைக்க அக்கா ஓடினாள்.

வந்தவர் பழைய சிநேகிதர்தான், லைன்மேன். அக்கா வேலையில் இருந்தபோது சேர்ந்தவர், இப்போது தலை நரைத்துவிட்டது.

"அக்கா, வழிய விடுங்க. உங்களோட சண்டை போட எனக்கு ஆகாது."

"இன்னும் அரைமணி நேரம் பொறு தம்பி. உத்தரவு வந்துட்டே இருக்கு."

"வந்தா நானே திரும்ப மாட்டிடறேன். ரெண்டு நிமிஷ வேலை. எனக்கு இன்னும் பதினொரு வீடு இருக்கு."

 ஒரு நாளைக்கு இத்தனை என்று கணக்கு வைத்து ஓடியவள்தானே அக்காவும். நகர்ந்து நின்றாள். லைன்மேன் இரண்டாம் நம்பர் ஃபியூஸைப் பிடுங்கினார்.

முதல் மாடியில் தையல் மிஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. ஃபியூஸ் லைன்மேன் கையில் இருந்தது. மிஷின் ஓடிக்கொண்டேயிருந்தது. அக்கா அவர் கையைப் பார்த்தாள், மேலே பார்த்தாள், மறுபடி கையைப் பார்த்தாள்.

அப்போது மேலிருந்து ஒரு குரல் வந்தது.

"போச்சு! ஐயோ, போச்சு!"

ஆறு மாதத்துக்கு முன் கேட்ட அதே குரல். அன்றைக்குப் படியில் தலையாட்டிய தையல்காரர் மனைவியின் குரல் என்று நினைத்த குரல். அது முதல் மாடியிலிருந்து வரவில்லை. அதற்கும் மேலே, மூன்றாவது மாடியிலிருந்து வந்தது.

இருபத்தேழு வருடமும் ஐந்து வருடமும் ஏறாத மூன்றாவது மாடிக்கு அவள் அன்றைக்கு ஏறினாள். முழங்கால் கெஞ்சியது. முதல் மாடியில் கதவு திறந்திருந்தது. விசிறி சுற்ற, தையல்காரர் குனிந்து காலர் வைத்துக்கொண்டிருந்தார். அவள் நிற்கவில்லை. ஐந்தாம் நம்பரில் ஆக்ஸிஜன் மிஷின் நின்று, அதன் அபாய மணி கீச்சென்று கத்திக்கொண்டிருந்தது. பெயிண்டர் கட்டிலில் சாய்ந்து, வாயைத் திறந்து, காற்றைத் தேடிக்கொண்டிருந்தார். அவர் மனைவி சிலிண்டரின் திருகோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அது திறக்கவில்லை.

அக்கா படிக்கட்டுக்கு ஓடி வந்து கீழே பார்த்துக் கத்தினாள். "தம்பி! திருப்பிப் போடு!"

"ரெண்டாம் நம்பருக்குத்தானே அக்கா உத்தரவு—"

"போடுடா!"

போட்டார். மிஷின் மூச்சு விட்டது. கொஞ்ச நேரத்தில் பெயிண்டரும் விட்டார். அவர் மனைவி தரையில் உட்கார்ந்து சிலிண்டரைக் கட்டிக்கொண்டு அழுதாள். அக்காவுக்கும் கண்ணில் நீர் வந்தது. ஆனால் எதற்கென்று அவளுக்கே புரியவில்லை. பயமா, முழங்காலா, வேறெதுவுமா?

கீழே வந்தாள். "இப்ப அஞ்சாம் நம்பரைப் பிடுங்கு," என்றாள் லைன்மேனிடம்.

"அக்கா, அங்கதான் மிஷின்—"

"பிடுங்கு, சொல்றேன்."

பிடுங்கினார். மேலே கடகட சத்தம் பாதித் தையலில் நின்றது. தையல்காரர் கையில் ஊசியோடு வெளியே வந்தார். அவர் பின்னால் மனைவி.

"இப்பதான் எங்க வீட்ல போச்சு," என்றாள் அவள்.

அக்கா மெதுவாகக் கேட்டாள். "அன்னிக்கு, மொத மொதல்ல நான் வந்த அன்னிக்கு, நான் 'போச்சா'ன்னு கேட்டேனே. உங்க வீட்ல போச்சா, போகலையா?"

"போகலையே."

"அப்ப ஏங்க சொல்லல?"

"போனாச் சொல்லச் சொன்னீங்க. போகல. அதான் சொல்லல." அவள் முகத்தில் குற்ற உணர்ச்சி எதுவும் இல்லை, இருக்க நியாயமும் இல்லை. "அப்புறம் மேல வந்து, 'சரி, அணைங்க'ன்னீங்க. வேற மாதிரி ஏதோ முறை போலிருக்குன்னு நெனச்சேன்."

அக்கா மீட்டர் பலகைக்குத் திரும்பினாள். ஆறு பெட்டிகள், கீழே சிவப்புப் பெயிண்டில் ஆறு எண்கள். ஆறு மாதமாக முக்காலி போட்டு உட்கார்ந்து அந்த இரண்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எண்ணைப் பார்த்தாளே தவிர எழுத்தைப் பார்க்கவில்லை. வால் சுருண்ட இரண்டு. அவளுடைய நோட்டில் பக்கத்துக்குப் பத்து கிடக்கும் அதே இரண்டு.

பத்தொன்பது வருடத்துக்கு முன் இந்தக் கட்டடத்தில் பலகை மாற்றினார்கள். எந்த மீட்டர் எந்த வீட்டுக்கு என்று எழுதவும் பதிவு செய்யவும் வேண்டியது ரீடிங் எடுக்கிறவளின் வேலை. அன்றைக்கு இன்னும் அறுபது மீட்டர் பாக்கி. பெயிண்ட் டப்பாவை வாங்கி, எல்லாரும் எழுதுகிற மாதிரி இடது பக்கத்திலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதிவிட்டு ஓடிவிட்டாள். வயர் இழுத்தவரோ வலது பக்கத்திலிருந்து ஆரம்பித்திருக்கிறார். ஒன்று ஆறுக்கு, இரண்டு ஐந்துக்கு, மூன்று நாலுக்கு. அந்தக் கட்டடத்தில் பத்தொன்பது வருடமாக ஒருவர்கூடத் தன் வீட்டு மின்சாரத்துக்குப் பணம் கட்டியதில்லை. எல்லா வீட்டிலும் ஏறக்குறைய ஒரே செலவு என்பதால் யாருக்கும் தெரியவில்லை. மூன்றாவது மாடிக்கு ஆக்ஸிஜன் மிஷின் வந்த பிறகுதான் முதல் மாடிக்குப் பில் எகிறியது.

லைன்மேன் தலையைச் சொறிந்தார். "யாரு அக்கா இப்படி எழுதித் தொலச்சது?"

"நான்தான்," என்றாள் அக்கா.

தையல்காரர் ஊசியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். "எனக்கு ஒண்ணும் புரியலீங்க. அப்ப நான் யாருக்குக் கட்டிட்டிருந்தேன்?"

அவள் மேலே கையைக் காட்டினாள். அவர் மேலே பார்த்தார். வேறொன்றும் கேட்காமல் உள்ளே போய்விட்டார். திட்டியிருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

சங்கத்தில் அன்று சாயங்காலம் செயலாளர் எந்தப் பாடத்தையும் ஆரம்பிக்கவில்லை. வக்கீலம்மா தடை உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு, அதை என்ன செய்வதென்று தெரியாமல் விசிறிக்கொண்டிருந்தார்.

"லைன்மேன் தெரிஞ்சவர்தானே," என்றார் செயலாளர் கடைசியில். "கமுக்கமா எண்ணை மாத்தி எழுதிட்டா? அடுத்த மாசம் தையல்காரருக்குப் பில் தானாக் குறைஞ்சுடும். புகாரை வாபஸ் வாங்கிடலாம். யாருக்கும் தெரியாது."

"அஞ்சாம் நம்பருக்கு ஏறிடுமே சார்."

"அவங்களுக்குத்தான் சலுகை..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். சுவரில் இருந்த செய்திமடலைப் பார்த்தார். சலுகை வரவே இல்லை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

வக்கீலம்மா விசிறுவதை நிறுத்தினார். "அக்கா, ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க விசாரணையில இதச் சொன்னா கம்பெனி வக்கீல் சும்மா விடமாட்டார். 'போச்சா'ன்னு கேட்டு யார் குரல்னே தெரியாம டிக் போட்டிருக்கீங்க. அப்படின்னா மத்த நாப்பத்து ரெண்டு வாக்குமூலமும் என்ன ஆகும்னு கேப்பார்."

"என்ன ஆகும்?"

"தெரியல அக்கா. உண்மையாவே தெரியல."

அவளுக்கும் தெரியவில்லை. வீட்டுக்குப் போய்க் கணவரிடம் சொன்னாள். அவர் முழுவதையும் கேட்டார். இரண்டு முறை ஒன்று ஆறா, ஆறு ஒன்றா என்று குழம்பினார். பிறகு சொன்னார்: "முப்பது வருஷம் பஸ் ஓட்டினேன். கண்டக்டர் விசில் அடிச்சா எடுப்பேன். ஒருநாள் பக்கத்து பஸ் விசிலுக்கு எடுத்துட்டேன். ஒரு அம்மா படியில இருந்து விழுந்துட்டாங்க."

"இத்தனை வருஷம் சொல்லவே இல்லையே!"

"எப்படிச் சொல்றது? அன்னிலேருந்து நான் விசிலை நம்பல. கண்ணாடியப் பாத்துத்தான் எடுத்தேன். சாப்பிட வா."

விசாரணை ஒரு நீளமான அறையில். நடுவில் மேஜை, மேலே ஆடிக்கொண்டே சுற்றும் விசிறி. அக்கா எழுந்து நின்று, தயாராக எழுதி வந்ததை வாசிக்காமல், நேராகச் சொன்னாள்: "ஐயா, மீட்டர் சரிதான். கம்பெனி சோதனையும் சரிதான். எண்தான் தப்பு. அந்த எண்ணை எழுதினது நான். ஆறு மாசமா தப்பான மீட்டரைப் பார்த்துட்டு, நேரில் பார்த்தேன்னு கையெழுத்துப் போட்டதும் நான்."

அதிகாரி பேனாவை வைத்துவிட்டார். "கொஞ்சம் இருங்கம்மா. இரண்டாம் எண் மீட்டர் ஐந்தாம் வீட்டுக்கா? அல்லது ஐந்தாம் எண் மீட்டர் இரண்டாம் வீட்டுக்கா?"

"ரெண்டும்தாங்க."

"ரெண்டுமா?"

அவள் காகிதம் வாங்கி ஆறு கட்டம் போட்டாள். எண் எழுதினாள். அதிகாரி எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்ததால் அவருக்கு அது தலைகீழாகத் தெரிந்தது, திருப்பினார், இவளுக்குத் தலைகீழானது. கம்பெனி வக்கீல் எட்டிப் பார்த்து, தன் கட்சிக்காரருடைய பதிவேட்டில் எது எதுவென்று அவரும் குழம்பிப் போனார். கால் மணி நேரம் மூன்று பேரும் அந்தக் காகிதத்தைச் சுற்றிச் சுற்றித் திருப்பிக்கொண்டிருந்தார்கள். அறையில் புரிந்துகொண்ட ஒரே ஆள் தையல்காரர்தான். துணியைப் புரட்டித் தைத்துப் பழகியவர். "பலகையப் பின்பக்கத்திலேருந்து பாக்கற மாதிரி வெச்சுக்குங்க சார்," என்றார். அதிகாரிக்கு உடனே விளங்கிவிட்டது.

உத்தரவு இப்படி வந்தது: யாருடைய இணைப்பையும் துண்டிக்கக் கூடாது. கம்பெனியும் சங்கமும் சேர்ந்து பலகையைத் திருத்த வேண்டும். ஐந்தாம் வீட்டின் சலுகை மனுவை ஒரு மாதத்துக்குள் முடிவு செய்ய வேண்டும். கடைசியாக, கம்பெனி வக்கீல் கேட்டுக்கொண்டபடி, சங்கத்தின் மற்ற நாற்பத்திரண்டு சோதனைகளையும் மறுபடி செய்ய வேண்டும்.

வெளியே வந்ததும் அக்கா முக்காலியைச் செயலாளரிடம் நீட்டினாள். "வேற ஆளப் பாருங்க சார்."

அவர் வாங்கிக்கொள்ளவில்லை.  "நாப்பத்து ரெண்டு வீட்டையும் யாருக்கும்மா தெரியும்? எனக்கா?" என்றார் கோபமாக. கோபம் அவள்மேலா, தன்மேலா என்று அவருக்கும் தெரிந்திருக்காது. "மொதல்ல அந்தப் பலகையத் திருத்திட்டு வாங்க."

போனாள். லைன்மேன் ஒரு டப்பா சிவப்புப் பெயிண்டோடு காத்திருந்தார். கீழே அவர், மேலே அவள் என்று பேசிக்கொண்டார்கள். ஒவ்வொரு வீடாகப் போய், நேரில் பார்த்து உறுதி செய்த பிறகே எண் எழுதுவது. ஒன்று, ஆறு, மூன்று, நாலு, இரண்டு முடிந்தது. அக்காவின் முழங்கால் வீங்கியே விட்டது. கடைசியாக ஐந்தாம் நம்பருக்கு ஏறினாள்.

இந்த முறை சிலிண்டரை முன்னதாகவே திறந்து வைத்திருந்தார்கள். பெயிண்டர் முகத்தில் அதன் குழாய். சுவரில் செய்திமடல் இல்லை. ஆணி மட்டும் இருந்தது.   

"மொத மொதல்ல கரண்ட் போன அன்னிக்கு நான் கத்தாம இருந்திருந்தா நல்லா இருந்திருக்குமா?" என்று திடீரென்று கேட்டாள் பெயிண்டரின் மனைவி. "கரண்ட் போச்சேன்னு பதட்டத்துல கத்தினேன். கீழ யாரோ கேட்டாங்கன்னே எனக்குத் தெரியாது. எனக்கு இன்னும் குழப்பமாவே இருக்கு. எங்களுக்கு நீங்க நல்லது பண்ணீங்களா, கெட்டது பண்ணீங்களா?"

 "தெரியலம்மா," என்றாள் அக்கா. அது ஒன்றுதான் அவளால் கையெழுத்துப் போட்டுச் சொல்ல முடிந்தது.

கீழே லைன்மேன் ஃபியூஸைப் பிடுங்கினார். மிஷின் கீச்சிட்டு நின்றது. விசிறி தளர்ந்து தளர்ந்து நின்றது. பெயிண்டர் சிலிண்டரிலிருந்து மூச்சு வாங்கினார். அக்கா எல்லாவற்றையும் ஒருமுறைக்கு இருமுறை கண்ணால் பார்த்தாள்.

படிக்கட்டின் அடியிலிருந்து லைன்மேனின் குரல் எழும்பி வந்தது. அவளுடைய கேள்விதான், அவளுடைய இழுப்போடு.

"போச்சா அக்கா?"

அந்தக் கேள்விக்கு மேலே நின்று பதில் சொல்வது அவள் வாழ்நாளில் அன்றைக்குத்தான் முதல் முறை. பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் முதல் மாடியிலிருந்து, கதவுக்கு வெளியே வந்து நின்று, தொண்டை கிழியத் தையல்காரர் மனைவி கத்தினாள்.

"எங்க வீட்ல போகல!"

அக்கா மூன்றாவது மாடிப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முப்பத்திரண்டு வருடத்தில் அந்தப் பதிலை அவள் கேட்டதே இல்லை. போகவில்லையென்றாலும் சொல்லுங்கள் என்று யாரிடமும் அவள் சொன்னதும் இல்லை.

"அக்கா! என்ன அக்கா? அஞ்சுன்னு எழுதலாமா?"

"எழுது," என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "எழுதிட்டு மேல வா. நீயும் ஒரு தடவ பாத்துடு."